சாட்சியும் கூற்றும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் வழக்குமன்றத்துச் செய்தி ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். இஃது இடம் மாறி வந்த பேச்சோ என்று சிலர் ஐயுறலாம். அவ்வாறன்று. வழக்குமன்றமும் கவியரங்கமும் சொல்லை நம்பி நடப்பவை. இரண்டிலும் ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார், கேட்டவர் தம் நெஞ்சில் ஒரு முடிவுக்கு வருகிறார். கவியரங்கத்தில் அந்த முடிவு பிழையானால் ஒரு கவிதைக்கு உரிய மதிப்புக் கிட்டாமல் போகும். வழக்குமன்றத்தில் பிழையானால் ஒரு மனிதன் சிறைக்குப் போவான். வேற்றுமை அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வேற்றுமை.

நம் முன்னோர் செய்யுளின் உறுப்புகளை எண்ணியபோது கூற்று என்பதையும், கேட்போர் என்பதையும், களன் என்பதையும் அவற்றுள் வைத்து எண்ணினர். தொல்காப்பியச் செய்யுளியலில் இவை இடம்பெற்றிருப்பதை இவ்வவையினர் அறிவர். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எங்கே சொன்னது என்பவற்றை அவர்கள் செய்யுளுக்கு வெளியே இருக்கும் செய்திகளாகக் கருதவில்லை. செய்யுளின் உறுப்புகளாகவே கருதினர். ஒரே பேச்சைத் தலைவி பேசினால் ஒரு பொருள். தோழி பேசினால் வேறு பொருள். பரத்தை பேசினால் முற்றிலும் வேறு பொருள். அகப்பாடல்களின் அடியில் உள்ள சிறு குறிப்பை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். சொல் அத்தனையும் இருக்கும். பொருள் நிலைகொள்ளாமல் தவிக்கும்.

இந்த எளிய இலக்கிய உண்மையை அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் 1974ஆம் ஆண்டில் ஒரு கன்னக்களவு வழக்கின் மேல்முறையீட்டில் தன் வழியில் கண்டு சொன்னது. டேவிஸ் எதிர் அலாஸ்கா என்பது அவ்வழக்கின் பெயர். அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

பனிநாட்டில் ஒரு களவு

அலாஸ்கா, அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்குக் கோடியில் இருக்கும் மாநிலம். 1867இல் ரஷ்யாவிடமிருந்து விலைக்கு வாங்கப்பெற்று, 1959இல் 49ஆவது மாநிலமாயிற்று. அதன் பெரிய நகரம் ஆங்கரேஜ். அந்நகரில் போலார் பார் என்னும் மதுக்கூடம் 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் உடைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டடிச் சதுரமான இரும்புப் பெட்டகம் ஒன்றைக் கள்வர் தூக்கிச் சென்றனர். அதில் பணமும் காசோலைகளுமாக 1000 டாலருக்கு மேல் இருந்தது.

அன்று பிற்பகலே பெட்டகம் கிடைத்துவிட்டது. நகரிலிருந்து சுமார் 26 மைல் தொலைவில், ஒரு குடும்பத்தின் வீட்டருகே கிடந்தது. நெம்பித் திறக்கப்பட்டிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அவ்வீட்டில் ஓர் இளைஞன் இருந்தான். நண்பகல் வேளையில் தாய் ஏவிய பணிக்காகப் போய்வந்தபோது, பெட்டகம் கிடந்த இடத்தருகே நீலநிறச் செவர்லே கார் ஒன்றையும், அதன் பக்கத்தில் கறுப்பின ஆடவர் இருவரையும் கண்டதாகவும், உதவி வேண்டுமா என்று அவர்களைக் கேட்டதாகவும் அவன் கூறினான். திரும்பி வரும்போது ஒருவர் கையில் கடப்பாரை போன்ற ஏதோ ஒன்று இருந்ததையும் கண்டதாகச் சொன்னான்.

மறுநாள் காவல் நிலையத்தில் கறுப்பின ஆடவர் ஆறு பேரின் படங்களை அவனிடம் காட்டினார்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பார்த்துவிட்டு ஒரு படத்தைச் சுட்டினான். அப்படத்தில் இருந்தவர்தாம் டேவிஸ். அதற்கடுத்த நாள் அவர் கைதானார். 19ஆம் தேதி நடந்த அடையாள அணிவகுப்பில் எழுவர் நடுவே அவரையே மீண்டும் அடையாளம் காட்டினான். டேவிஸ் வாடகைக்கு எடுத்திருந்த நீலநிறச் செவர்லேயின் பின்பெட்டியில் பெயிண்ட் துணுக்குகள் கிடைத்தன. அவை அந்தப் பெட்டகத்திலிருந்து உதிர்ந்தவையாக இருக்கக்கூடும் என்று அரசுத் தரப்பு சான்று காட்டியது. இருக்கக்கூடும் என்பதற்கும் இருந்தது என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பியது அந்த இளைஞனின் சொல்தான். அவனே அவ்வழக்கின் அச்சாணி.

மூடிய கதவு

இங்கேதான் அவ்வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. அந்த இளைஞன் தானே முன்பு ஒரு கன்னக்களவில் அகப்பட்டவன். இரண்டு குடில்களை உடைத்துப் புகுந்ததற்காகச் சிறார் நீதிமன்றம் அவனைக் குற்றம் இழைத்தவனாகக் கண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டிருந்தது. மதுக்கூடம் உடைபட்ட நாளிலும் அவன் அக்கண்காணிப்பில் இருந்தான். சாட்சிக்கூண்டில் ஏறிய நாளிலும் அதில்தான் இருந்தான்.

எண்ணிப் பாருங்கள். முன்பு கன்னமிட்டுக் கண்காணிப்பில் இருக்கும் ஒருவனுடைய வீட்டருகே, கன்னமிட்டுக் கவர்ந்த பெட்டகம் கிடக்கிறது. காவலர் வந்து நிற்கின்றனர். அவன் நெஞ்சில் முதலில் எழும் அச்சம் எதுவாக இருக்கும்? அந்த அச்சத்தில் நிற்பவனிடம் ஆறு படங்களைக் கொடுத்தால், அவன் பார்வை எவ்வளவு நிதானமாக இருக்கும்?

எதிரியின் வழக்கறிஞர் இதைத்தான் கேட்க விரும்பினார். அவர் விரும்பியது அவ்விளைஞனின் நற்பெயரைப் பொதுவாகக் கெடுப்பதன்று. தன்மேல் விழக்கூடிய ஐயத்தை வேறொருவர் மேல் திருப்பும் அவசரத்தில் அவன் பிழையாக அடையாளம் காட்டியிருக்கலாம். அல்லது கண்காணிப்பு நீங்கிச் சிறைப்படுவோமோ என்னும் அச்சத்தில் காவலரின் விருப்பத்துக்கு இசைந்திருக்கலாம். இவ்விரண்டையும் காட்டுவதற்கு மட்டுமே அந்தப் பழைய வழக்கைப் பயன்படுத்துவேன் என்று அவர் நீதிபதியிடம் தெளிவாக எடுத்துரைத்தார்.

நீதிபதி இசையவில்லை. விசாரணையில் சாட்சியம் தொடங்குமுன்பே அரசுத் தரப்பு ஒரு பாதுகாப்பு ஆணை வேண்டிப் பெற்றிருந்தது. சிறார் வழக்குகளின் விவரம் வெளிவரக் கூடாது என்பது அலாஸ்காவின் சட்டம். ஆகவே அந்த இளைஞனின் பழைய வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் குறுக்கு விசாரணையில் எழக் கூடாது என்று ஆணையாயிற்று.

அதன் பிறகு நடந்த குறுக்கு விசாரணை, கைகளைக் கட்டிவிட்டு நீந்தச் சொன்ன கதையாக முடிந்தது. பெட்டகம் உன் வீட்டருகே கிடந்ததால் மனம் கலங்கினாயா என்று கேட்டால், இல்லை என்றான். காவலர் உன்னை ஐயுறுவர் என்று எண்ணினாயா என்றால், முதலில் இல்லை என்றான். மேலும் துருவவே, அந்த எண்ணம் மனத்தில் வந்து போனதுண்டு என்று ஒப்பினான். இதற்கு முன் காவலர் உன்னை இவ்வாறு விசாரித்ததுண்டா என்ற கேள்விக்கு, இல்லை என்று விடையிறுத்தான். அந்த 'இல்லை' ஐயத்துக்குரியது என்பதை அவனது பழைய வழக்கை அறிந்தவர் உணர்ந்திருப்பர். ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் அதை அறியார். அரசுத் தரப்பு ஆட்சேபம் எழுப்பியது; நீதிபதி அதை ஏற்றார்; கேள்வி அத்துடன் நின்றது.

ஜூரிகளுக்கு எப்படித் தோன்றியிருக்கும்? யாதொரு குற்றமும் அறியாத ஓர் இளைஞன். காவலருக்கு உதவ முன்வந்த நல்ல பிள்ளை. அவனை ஒரு வழக்கறிஞர் காரணமின்றித் துன்புறுத்துகிறார். இவ்வாறே தோன்றியிருக்கும். கேள்வியின் வேர் மறைக்கப்பட்டதால் கேள்வியே பழியாகத் திரும்பியது. டேவிஸ் கன்னக்களவுக்கும் பெருந்திருட்டுக்கும் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று.

மேல்முறையீடு எதைக் கேட்கிறது

மேல்முறையீடு என்றவுடன், இவன் குற்றவாளியா அல்லனா என்பதை இன்னொரு நீதிமன்றம் புதிதாக ஆராய்வதாகப் பலர் எண்ணுகின்றனர். விலக்கப்பட்ட சான்றை முன்வைத்து எழும் மேல்முறையீட்டில் கேள்வி அதுவன்று. தீர்ப்புச் சொன்னவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்ட பின்னர்த்தான் சொன்னார்களா என்பதே கேள்வி. எனவே அம்மேல்முறையீட்டில் வெற்றி பெறுவது, குற்றமற்றவன் என்று முழங்கப்படுவதாகாது. மறுபடியும், இம்முறை முழுமையாக, கேளுங்கள் என்பதே பொருள்.

இதற்கு ஒரு முன்தேவை உண்டு. கீழ்மன்றத்திலேயே உரிய நேரத்தில் எதிர்ப்பைச் சொல்லியிருக்க வேண்டும். எந்தச் சான்றைக் காட்ட விரும்பினோம், எதற்காகக் காட்ட விரும்பினோம் என்பதைப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும். விலக்கப்பட்ட சான்று ஜூரியின் செவிக்கு எட்டாது; ஆனால் அது என்னவென்பது ஏட்டுக்கு எட்டியாக வேண்டும். இல்லையெனில் மேல்மன்றம் எதைத் தூக்கிப் பார்க்கும்? டேவிஸின் வழக்கறிஞர் இக்கடமையைச் செவ்வனே செய்திருந்தார். தோற்ற நாளில் அவர் விடாது எழுதிவைத்த நோக்கமே பின்னாளில் வழக்கைக் காத்தது.

முதல் மேல்முறையீடு அலாஸ்காவின் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. சாட்சியின் ஒருதலைச் சார்பைப் பற்றி வழக்கறிஞர் வேண்டிய அளவு கேள்விகளைக் கேட்டுத்தானே இருக்கிறார் என்று அம்மன்றம் கூறிற்று. பின்னர் வழக்கு வாஷிங்டன் நகரத்து உச்ச நீதிமன்றத்துக்கு ஏறியது. 1973 டிசம்பரில் வாதம் நடந்தது. 1974 பிப்ரவரி 27ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர்.

குற்றம் சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் தமக்கு எதிரான சாட்சிகளை நேர்நின்று எதிர்கொள்ளும் உரிமை உண்டு என்பது அந்நாட்டு அரசமைப்பின் ஆறாம் திருத்தம்; 1791 முதல் நடைமுறையில் உள்ளது. எதிர்கொள்வது என்றால் முகத்தைப் பார்ப்பது மட்டுமன்று. குறுக்கே கேட்டுச் சோதிப்பதே அதன் உயிர் என்றது தீர்ப்பு. ஒருதலைச் சார்பு உனக்கு உண்டா என்று கேட்க வழக்கறிஞருக்கு இடம் கிடைத்தது உண்மை. ஆனால் ஏன் அந்தச் சார்பு இருக்கக்கூடும் என்பதைக் காட்ட இடம் கிடைக்கவில்லை. காரணம் காட்ட இயலாத கேள்வி வெறும் நிழல். அலாஸ்கா நீதிமன்றம் கண்டது கேள்விகளின் எண்ணிக்கையை. வாஷிங்டன் நீதிமன்றம் கண்டது அவற்றின் வேரை.

கூற்று என்று நாம் சொல்வது இதைத்தான். "அவரைக் கண்டேன்" என்னும் தொடர் ஒன்றே. பக்கத்து ஊரிலிருந்து தற்செயலாக வந்த வழிப்போக்கன் அதைச் சொன்னால் ஒரு நிறை. தன் தலைக்கு மேல் கத்தி தொங்குவதாக அஞ்சி நிற்பவன் சொன்னால் வேறு நிறை. பின்னதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எந்தத் தராசில் இட வேண்டும் என்பதைக் கேட்பவர் அறிந்திருக்க வேண்டும்.

இரக்கத்தின் விலையை யார் கொடுப்பது

இவ்வழக்கில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. சான்றை மூடிய கை கொடுங்கோலின் கை அன்று. அஃது இரக்கத்தின் கை. இளமையில் வழுக்கியவன் வாழ்நாள் முழுவதும் அப்பழியைச் சுமக்கலாகாது என்பதற்காக ஏற்பட்டது அச்சட்டம். நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதே நோக்கில், சிறாரின் அடையாளம் வெளியாவதைத் தடுக்கிறது. இத்தகைய சட்டத்தை மனமுள்ள எவரும் பழிக்க மாட்டார்.

அப்படியென்றால் இங்கு மோதியவை நன்மையும் தீமையும் அல்ல, இரண்டு நன்மைகள். ஓர் இளைஞனின் நாணம் காக்கப்பட வேண்டும். ஒரு மனிதரின் விடுதலை நேரிய விசாரணையின்றிப் பறிபோகக் கூடாது. எதைத் துறப்பது?

அதற்குத் தீர்ப்பு கொடுத்த விடை எளியது. எளியதாக இருப்பதாலேயே ஆழமானது. அந்த இளைஞனின் நாணத்தைக் காக்க அரசு விரும்பினால், அவனைச் சாட்சியாக அழைக்காமலே இருந்திருக்கலாம். அவனை அழைத்து, அவன் சொல்லின்மேல் வழக்கைக் கட்டி, அதே சமயம் அச்சொல்லின் பின்புலத்தை யாரும் நோக்கக் கூடாது என்று திரை தொங்கவிடுவது நேர்மையாகாது. இரக்கம் காட்டுவது அரசின் கடமை எனில், அதன் விலையையும் அரசே கொடுக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தல் கூடாது. பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்பவரை நாம் கொடையாளர் என்று சொல்வதில்லை.

இருவர் மாறுபட்டனர் என்றேன். நீதிபதி வைட் எழுதிய மாற்றுக் கருத்தை நீதிபதி ரென்குவிஸ்ட் ஏற்றார். குறுக்கு விசாரணை எங்கே நிற்க வேண்டும் என்பதை அங்கிருந்து கண்ணால் பார்த்த நீதிபதியே நன்கு அறிவார். மாநில மேல்மன்றமும் பெரிய தீங்கு நேரவில்லை என்று கண்டுவிட்டது. தொலைவில் இருக்கும் நாம் அதை மாற்றுவானேன் என்பது அவர்கள் வாதம். இதிலும் பொருள் உண்டு. கேள்விக்கு எல்லையே இல்லையெனில் சாட்சிகள் வரவே அஞ்சுவர். நீதிபதி ஸ்டூவர்ட் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டே, எந்தச் சாட்சியின் எந்தப் பழைய பிழையையும் கிளறலாம் என்பதற்கு இத்தீர்ப்பு உரிமம் ஆகாது என்று தனியே எழுதிவைத்தார். ஒருவன் பொதுவாக நல்லவனா என்பது வேறு; இந்த வழக்கில், இந்த மனிதருக்கு எதிராக, இப்படிச் சொல்ல அவனுக்குத் தனிக் காரணம் உண்டா என்பது வேறு. முன்னதைத் தடுக்கலாம், பின்னதைத் தடுத்தலாகாது.

இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் இதைத் தன் 153ஆம் பிரிவில் உணர்த்தியிருந்தது. ஒழுக்கத்தைக் குறைத்துக் காட்டும் கேள்விக்குச் சாட்சி விடை சொல்லிவிட்டால், பொதுவாக அதை மறுத்து வேறு சான்று கொண்டுவர இயலாது. ஆனால் அவரது நடுவுநிலைமையை ஐயுறும் கேள்வியை அவர் மறுத்தால், மறுப்பை முறியடிக்கச் சான்று கொண்டுவரலாம். குடும்பப் பகை உண்டா என்று கேட்கப்பட்டு இல்லை என்று சொன்ன சாட்சியை அச்சட்டமே எடுத்துக்காட்டாகத் தந்தது. 2024 ஜூலை முதல் நாள் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்தது. இக்கோட்பாடு அதிலும் தொடர்கிறது.

மதுரையில் கேளாத கேள்வி

இவ்வளவு கேட்ட பிறகு உங்கள் நெஞ்சம் எங்கே போயிருக்கும் என்பதை நான் அறிவேன். மதுரைக்குத்தான் போயிருக்கும்.

சிலப்பதிகாரத்தில் கோவலன்மேல் களவுப்பழி சுமத்தியவன் யார்? அரசியின் சிலம்பைத் தானே கவர்ந்த பொற்கொல்லன். தன்மேல் விழவேண்டிய ஐயத்தை வேற்றூரான் ஒருவன்மேல் திருப்ப அவனுக்குக் காரணம் இருந்தது. பாண்டியன் அவன் சொல்லைக் கேட்டான். சொல்பவன் நிலையைக் கேட்கவில்லை. கொலைக்களத்துக்கு வந்த காவலருக்கே ஐயம் எழுந்தது. இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லை என்றனர். அந்த ஐயத்தையும் பொற்கொல்லன் களவு நூல் பேசி அடக்கினான். கோவலனுக்குக் குறுக்கே ஒரு கேள்வி கேட்கும் வாய்ப்புக்கூட இல்லை.

பின்னர்க் கண்ணகி அரசவையில் நின்று கேட்டது என்ன? கோவலன் நல்லவன் என்னும் புகழ்ச்சியை மட்டும் அவள் கொண்டுவரவில்லை. கேளாது விடப்பட்ட சான்றைக் கொண்டுவந்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். அதை அந்நாளைய மேல்முறையீடு என்று நான் சொன்னால் மிகையாகாது. ஆனால் அம்மேல்முறையீடு தண்டனை நிறைவேறிய பிறகு நடந்தது. சான்று வென்றது, மனிதன் மீளவில்லை. காலத்தில் கேளாத கேள்விக்கு ஒரு நகரமே விலை கொடுத்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆங்கரேஜ் இளைஞன் பொற்கொல்லன் என்று நான் கூறவில்லை. அந்த உச்ச நீதிமன்றமும் அவ்வாறு கூறவில்லை. அவன் உண்மையையே சொல்லியிருக்கலாம். டேவிஸ் குற்றவாளியாகவே இருக்கலாம். கேள்வியைக் கேட்கவிடாமல் தடுத்தவரை, இவ்விரண்டில் எது மெய் என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. பாண்டியன் செய்த பிழை பொய்யனை நம்பியது மட்டுமன்று. மெய்யனா பொய்யனா என்று அறியும் வழியை அடைத்துவிட்டு நம்பியது.

இங்கே அறிஞர் ஒருவர் எழுந்து ஒரு தடை எழுப்பக்கூடும். சொன்னவர் எவர் என்பதில் மயங்காமல் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைத் தேட வேண்டும் என்று அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் கூறியிருக்க, நீர் சொன்னவன் நிலையைப் பார் என்கிறீரே என்று கேட்கலாம். நல்ல தடை. அதற்கு என் விடை இது. ஒரு கருத்தை, ஒரு கணக்கை, ஓர் அறவுரையைச் சொன்னவரிடமிருந்து பிரித்து நாமே ஆராய்ந்து பார்க்கலாம். அங்கே வாய் எவருடையது என்பது பொருட்டன்று. ஆனால் "நான் கண்டேன்" என்னும் சொல்லை அதைச் சொன்னவரிடமிருந்து பிரிக்க இயலாது. கண்ட கண் அவருடையது. அந்தக் கண்ணின்றி அப்பொருளுக்கு நம்மிடம் வேறு வழியில்லை. அங்கே மெய்ம்மை காண்பது என்பதே அவர் நின்ற நிலையைக் காண்பதுதான். ஆகவே குறுக்கு விசாரணை குறளுக்கு முரணானதன்று. குறள் சொன்ன ஆராய்ச்சியைச் செய்வதற்குரிய கருவி.

பின்வந்த வழி

டேவிஸ் தீர்ப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. வளர்ந்தது, சற்றே சுருங்கவும் செய்தது. குறுக்கு விசாரணையை இவ்வாறு முடக்குவது, தீங்கு நேரவில்லை என்று காட்டிக்கூட மன்னிக்கப்பட இயலாத பெரும்பிழை என்று 1974இல் சொல்லப்பட்டது. 1986இல் டெலவேர் எதிர் வான் ஆர்ஸ்டால் வழக்கில் அதே நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. பிழை நேர்ந்திருந்தாலும், ஐயத்துக்கு இடமின்றி அது தீங்கற்றது என்று காட்ட முடிந்தால் தண்டனை நிற்கலாம் என்றது. அந்தச் சாட்சி வழக்குக்கு எவ்வளவு இன்றியமையாதவர், அவர் சொல்லுக்கு வேறு துணைச்சான்று உண்டா, மற்றபடி எவ்வளவு கேள்விக்கு இடம் கிடைத்தது, அரசுத் தரப்பு வழக்கு முழுவதும் எவ்வளவு வலியது என்பன பார்க்கப்பட வேண்டும். நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 167ஆம் பிரிவும் இதனோடு ஒப்பிடத்தக்கது. விலக்கப்பட்ட சான்றைச் சேர்த்துப் பார்த்தாலும் முடிவு மாறியிருக்கக் கூடாது எனில், விலக்கியது மட்டுமே தீர்ப்பை மாற்றக் காரணம் ஆகாது என்றது அப்பிரிவு.

இந்தத் தளர்வில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கு வலியது என்ற எண்ணமே எதிர்த்தரப்புச் சான்றைக் கேளாதிருக்கக் காரணமாகிவிடலாம். அவ்வாறே ஒரு வழக்கில் நிகழ்ந்தது. தென் கரோலினாவில் ஹோம்ஸ் என்பவர் ஒரு மூதாட்டியின் கொலைக்காகவும், அதனோடு சேர்ந்த கன்னக்களவு, கொள்ளை முதலியவற்றுக்காகவும் தண்டிக்கப்பட்டார். வேறொருவரே அக்குற்றத்தைச் செய்தார் என்று காட்டும் சான்றை அவர் கொண்டுவர முயன்றார். அரசுத் தரப்பின் தடயவியல் சான்று வலியதாக இருக்கும்போது அத்தகைய சான்றை ஏற்க வேண்டியதில்லை என்று மாநில நீதிமன்றம் ஒரு விதியைக் கைக்கொண்டது. 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவ்விதியைத் தள்ளியது. ஒரு தரப்பின் சான்றை மட்டும் நிறுத்துப் பார்த்துவிட்டு, மறுதரப்பின் சான்று எவ்வளவு நிறைகொண்டது என்று சொல்ல இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஒரு தட்டில் மட்டும் பொருளை வைத்தால் தராசு சாயத்தான் செய்யும். அந்தச் சாய்வு நிறையைக் காட்டாது. மறுதட்டு வெறுமையாய் இருப்பதையே காட்டும்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கன்னக்களவு வழக்கில் குற்றவாளியாக நிற்பவருக்கு இரங்குவோர் குறைவு. கொலைவழக்கில் காவியம் உண்டு. அரசியல் வழக்கில் கொடி உண்டு. பூட்டுடைத்த வழக்கில் ஒன்றுமில்லை. ஊர் அவரைக் கள்வன் என்று முன்பே தீர்மானித்துவிடுகிறது. அத்தகைய ஒருவர் பொருட்டு, ஒரு மதுக்கூடத்தின் இரும்புப் பெட்டகம் பொருட்டு, ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் தன் அரசமைப்பை எடுத்துவைத்து ஆராய்ந்தது. அதில்தான் நீதியின் பெருமை இருக்கிறது. நாம் விரும்பும் மனிதருக்கு முறைவழுவாமல் நீதி செய்வது எளிது. நமக்கு வேண்டாதவருக்கும் அவ்வாறு செய்யும்போதே முறை என்பது முறையாகிறது.

கவிஞர் பெருமக்களே! இவ்வட்டத்தில் நாம் கவிதைகளைக் கேட்டும், மறுத்தும், மீண்டும் கேட்டும் பழகியிருக்கிறோம். அப்பழக்கத்தை வாசலோடு விட்டுவிடாதீர்கள். ஒருவர்மேல் பழி சொல்லும் செய்தி உங்கள் செவிக்கு வரும்போது, இஃது எவர் கூற்று, எந்தக் களத்தில் நின்று சொன்னது, நமக்குக் கேட்கவிடாமல் மறைக்கப்பட்டது எது என்று ஒருமுறை கேளுங்கள். அகப்பாட்டுக்கு நீங்கள் தரும் அந்தப் பொறுமையை அடுத்த வீட்டு மனிதருக்கும் தாருங்கள். பாட்டின் அடியில் கூற்றைக் குறித்துவைத்த முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற இலக்கணம், நீதிக்கும் இலக்கணம்தான்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், கேட்கும் பண்பில் மேலும் சிறந்து, நூறாண்டு வாழ்க என வாழ்த்தி அமைகின்றேன்.